அப்பத்தாவின் மாலையில் 106 மணி

கேள்வி இது: "அப்பத்தா காலமான பிறகு அவருடைய ருத்ராட்ச ஜபமாலை என் கைக்கு வந்தது. எண்ணிப் பார்த்தால் 106 மணிதான் இருக்கிறது. நூலும் நைந்துவிட்டது. நானும் ஜபம் செய்ய ஆசைப்படுகிறேன். இதையே வைத்துக்கொள்ளலாமா, புதிதாக வாங்க வேண்டுமா? 108 என்று ஏன் கணக்கு? கழுத்தில் போடலாமா? பெண்கள் செய்யலாமா? உட்கார்ந்தால் மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதற்கு என்ன வழி?"

முதலில் ஒரு விஷயம். அந்த மாலையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆற்றில் விடச் சொல்லி யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். நூல் மாறினால் மாலை மாறிவிடாது. எப்படிக் கோப்பது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என் ஊர் நாகப்பட்டினம். அப்பா நீலாயதாட்சி அம்மன் கோயில் பக்கத்தில் பூஜை சாமான் கடை வைத்திருந்தார். பன்னிரண்டு வயதிலிருந்து மாலை கோக்கிறேன், அதே வயதிலிருந்து ஜபமும் செய்கிறேன். கடைக்கு எல்லோரும் வருவார்கள். தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வேளாங்கண்ணி, வடக்கே கூப்பிடு தூரத்தில் நாகூர் தர்கா. அறுந்துபோன ஜெபமாலையைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துவரும் அம்மாமார்களும், தஸ்பீஹ் மணியை மறுபடி கோக்கச் சொல்லி வரும் பாய்மார்களும், சிவதீட்சை வாங்கிய பெரியவர்களும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா மூன்றையும் ஒரே ஊசியால், ஒரே நூலால் கோத்துக் கொடுப்பார். இந்த ஊருக்கே அது பொருந்தும். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ராஜராஜ சோழன் காலத்தில் கடலுக்கு அப்பால் இருந்த ஸ்ரீவிஜய அரசன் இங்கே சூடாமணி விகாரை என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினான், சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே மானியமாக விட்டான். பௌத்தர்களும் 108 மணி மாலை உருட்டுகிறவர்கள்தான்.

ஜபத்தில் ஒரு முறை சொல்வதை நம் ஆட்கள் ஒரு 'உரு' என்பார்கள். நூற்றெட்டு உரு, ஆயிரத்தெட்டு உரு, லட்சம் உரு. பாடத்தை உருப்போடுகிறோம் என்கிறோமே, அதுவும் இதுதான். உருவேறத் திருவேறும் என்று ஒரு பழைய வாக்கு உண்டு. திரும்பத் திரும்பச் சொல்வதால் உள்ளே ஒன்று ஏறுகிறது என்பது இந்தப் பேச்சிலேயே இருக்கிறது. மாலையின் வேலை அந்த உருவை எண்ணுவது. எண்ணுவதற்கு மட்டும் என்றால் ஒரு கவுண்டர் மெஷின் போதுமே என்று கேட்கலாம். விரலில் மாட்டும் பட்டன் கவுண்டர் இப்போது மலிவாகவே கிடைக்கிறது. நானும் பயணத்தில் சில நாள் பயன்படுத்திப் பார்த்தேன். எண்ணிக்கை சரியாக வந்தது. ஆனால் கண் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது எவ்வளவு, இன்னும் எவ்வளவு என்று. மாலை அந்தக் கணக்கை விரலிடம் ஒப்படைத்துவிடுகிறது. எத்தனையாவது மணியில் இருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நூலின் முனைகள் சேரும் இடத்து மணியான மேரு வந்தால் விரலுக்குத் தெரியும், அது போதும்.

பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். வலது கை நடுவிரலின் மேல் கணுவில் மாலையைத் தொங்கவிடுங்கள். கட்டைவிரலால் ஒவ்வொரு மணியாக உங்களை நோக்கி இழுங்கள். ஒரு மணிக்கு ஓர் உரு. ஆள்காட்டி விரல் மாலையில் படாமல் சற்றே விலகி நிற்கட்டும். பிறரைச் சுட்டிக் காட்டுகிற விரல், அகங்காரத்தின் விரல், அதனால் படக் கூடாது என்று காரணம் சொல்வார்கள். கையை வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஆள்காட்டி விரல் சேர்ந்துகொண்டால் மணியைக் கிள்ளிப் பிடிக்கத் தோன்றும், மணிக்கட்டு இறுகும், பத்து நிமிடத்தில் வலிக்கும். நடுவிரலில் தொங்கவிட்டால் கை தளர்ந்தே இருக்கும். சிலர் மோதிர விரலில் வைப்பார்கள், அதுவும் வழக்கம்தான். கிறிஸ்தவர்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில்தான் பிடிக்கிறார்கள், அவர்கள் ஜெபத்துக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். மாலை தரையில் புரளக் கூடாது. அதற்காகத்தான் கோமுகி என்று பசுவின் முகம் மாதிரி தைத்த துணிப்பை வைத்துக்கொள்கிறார்கள், கை உள்ளே போய்விடும், மாலையும் உள்ளேயே சுற்றும். பை இல்லையென்றால் மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளலாம். ஜபக் கணக்கு அடுத்தவர் கண்ணில் படக் கூடாது என்பது நல்ல வழக்கம். ருத்ராட்சப் பூனை என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்? மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தில் பாருங்கள், ஒரு பூனை பின்னங்காலில் நின்று தவம் செய்கிறது, காலடியில் எலிகள். ஏழாம் நூற்றாண்டிலேயே இந்தப் பூனையை நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

108 மணிக்கு மேல், நூலின் இரு முனையும் சேரும் இடத்தில் ஒரு மணி இருக்கும். அதுதான் மேரு, குருமணி என்றும் சொல்வார்கள். அது எண்ணிக்கையில் சேராது. ஒரு சுற்று முடிந்து மேரு வந்ததும் அதைத் தாண்டிப் போகக் கூடாது. மாலையைக் கையிலேயே திருப்பிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். பழகும் வரை இது தடுமாறும். கட்டைவிரலால் கடைசி மணியைப் பிடித்துக்கொண்டு, மற்ற விரல்களால் மாலையைச் சுழற்றி மறுபடி நடுவிரலில் மாட்டினால் எளிது. குருவைத் தாண்டாதே என்பது இதற்குச் சொல்லும் விளக்கம். என் அனுபவத்தில் அந்த இரண்டு விநாடித் தடங்கல்தான் பெரிய உபகாரம். வாய் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது மேரு வந்து நிறுத்தும். எங்கே போயிருந்தேன் என்று அப்போது தெரியும். திருப்பிப் பிடித்து மறுபடி தொடங்குவோம்.

மாலையே இல்லாமலும் எண்ணலாம், அதைக் கரமாலை என்பார்கள். காயத்ரி சொல்கிறவர்கள் துண்டுக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு செய்வதைப் பார்த்திருப்பீர்கள். மோதிர விரலின் நடுக் கணுவில் தொடங்கி அதன் அடிக் கணு, பிறகு சுண்டுவிரலில் கீழிருந்து மேலாக மூன்று, அப்புறம் மோதிர விரல் நுனி, நடுவிரல் நுனி, ஆள்காட்டி விரல் நுனி, அங்கிருந்து கீழே இறங்கி இரண்டு. மொத்தம் பத்து. தொடாமல் விட்ட நடுவிரலின் இரண்டு கணுக்கள்தான் இங்கே மேரு. பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் எனக்குக் கைகொடுத்தது இதுதான். மாலையை எடுத்துப் போகாத இடமெல்லாம் உண்டு, கை எங்கும் கூட வரும்.

சரி, 108 ஏன்? பன்னிரண்டு ராசி ஒன்பது கிரகம் என்று பெருக்குவார்கள். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம் என்று பெருக்கினாலும் 108. வைணவர்களுக்கு திவ்ய தேசம் 108, உபநிடதங்களையும் 108 என்று எண்ணுவது மரபு. சமணர்கள் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் என்று ஐந்து பரமேட்டிகளுக்கும் முறையே 12, 8, 36, 25, 27 குணங்கள், கூட்டினால் 108. ஒவ்வொரு மணியிலும் ஒரு குணத்தை நினைக்கிறார்கள். இவற்றில் எது முதல் காரணம் என்று சண்டை போடுவதில் பயனில்லை. நடைமுறையில் ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு மாலைக்கு 108 சொன்னாலும் நூறு என்றுதான் வரவு வைப்பார்கள். மிச்ச எட்டு, நாக்குப் பிறழ்ந்ததற்கும் மனம் தப்பிப் போனதற்கும் கழிவு. நாம் தவறுவோம் என்று தெரிந்தே இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். முறையாக உரு ஏற்றுகிறவர்கள் மந்திரத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு லட்சம் என்று வைப்பார்கள். ஐந்தெழுத்துக்கு ஐந்து லட்சம். ஒரு மாலையை நூறாக எடுத்தால் 5,000 மாலை. நாளைக்குப் பத்து மாலை என்றால் 500 நாள். திபெத்தியர்கள் இவ்வளவு பெரிய எண்ணிக்கையைத் தவறவிடாமல் இருக்க, மாலையிலேயே பத்துப் பத்துச் சிறு மணி உள்ள இரண்டு தனிச் சரங்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒன்றில் சுற்றுகளை எண்ணுவார்கள், மற்றதில் பத்துச் சுற்றுகளை. நமக்கு வீட்டில் ஒரு கிண்ணமும் பத்துப் புளியங்கொட்டையும் போதும்.

வேறு எண்ணும் உண்டு. தஸ்பீஹ் 33 மணியிலோ 99 மணியிலோ வரும். தொழுகை முடிந்ததும் சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 33 அல்லது 34. கத்தோலிக்க ஜெபமாலையில் பத்துப் பத்தாக ஐந்து பகுதி, தொங்கும் சிலுவைப் பக்கத்து மணிகளையும் சேர்த்தால் 59. அதில் 53 மணி மரியாளை வாழ்த்தும் அருள்நிறை மந்திரத்துக்கு, ஆறு பரலோக மந்திரத்துக்கு. ஆமாம், நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் காலங்காலமாக அதை மந்திரம் என்றே சொல்கிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மாலை உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை ஒரு ஆராய்ச்சியில் அழகாகக் காட்டியிருக்கிறார்கள். இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூச்சியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 23 ஆரோக்கியமான பேரை உட்காரவைத்து, லத்தீன் மொழியில் அருள்நிறை மந்திரத்தையும், 'ஓம் மணி பத்மே' என்ற பௌத்த மந்திரத்தையும் சொல்லச் செய்தார்கள். 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளியானது. இரண்டு மந்திரத்திலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. சாதாரணமாக நாம் பன்னிரண்டுக்கு மேல் விடுகிறோம். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அந்த மூச்சோடு சேர்ந்து ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. அருள்நிறை மந்திரத்தைப் பாதி ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்வது வழக்கம். இரண்டு பாதியும் சேர்ந்து ஒரு முறை சொல்லி முடிக்க ஏறக்குறைய பத்து விநாடி ஆகிறது, அதுவே மூச்சின் அளவாகிவிடுகிறது. ஆகவே வேகத்தைப் பற்றி என் யோசனை: ஒரு மூச்சில் எத்தனை உரு இயல்பாக வருகிறதோ அத்தனை. இழுத்துப் பிடிக்கவும் வேண்டாம், ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி ஓட்டவும் வேண்டாம். இதை வைத்துக்கொண்டு மாலை போட்டால் பிரஷர் இறங்கும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பேரைச் சொல்லி மாலை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை மாத்திரைதான், ஜபம் ஜபம்தான்.

மணிகளைப் பற்றிக் கொஞ்சம். ருத்ராட்சம் ஒரு மரத்துப் பழத்தின் கொட்டை. நேபாளம், இமய மலையடிவாரம், இந்தோனேசியா ஆகிய இடங்களில் அதிகம் விளைகிறது. பழம் நல்ல நீலம். அந்த நீலம் சாயத்தால் வருவதல்ல, தோலின் நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் வருவது, மயில் தோகை மாதிரி. சதையை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் கொட்டையில் மேலிருந்து கீழாகக் கோடுகள் ஓடும். ஒரு கோட்டுக்கு ஒரு முகம். உள்ளே எத்தனை விதை அறைகளோ அத்தனை முகம். நடுவே இயற்கையாகவே துளை உண்டு, நார் அடைத்திருக்கும், ஊசியால் குத்தி எடுத்தால் வழி திறந்துவிடும். மிகுதியாகக் கிடைப்பது ஐந்து முகம். ஜபத்துக்கு அதைவிட ஒன்றும் தேவையில்லை.

ஒற்றை முகம், பதினான்கு முகம் என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்வார்கள். நானே ஏமாந்திருக்கிறேன். கடையில் உட்கார ஆரம்பித்த புதிதில், வெளியூர்த் திருத்தலம் ஒன்றில் ஒருவரிடம் ஒற்றை முகம் என்று வாங்கி வந்தேன். அப்பா ஒன்றும் பேசாமல் ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டார். சிறிது நேரத்தில் தண்ணீர் கருஞ்சிவப்பானது, கோடுகளின் ஓரத்தில் பிசின் வெள்ளையாகக் கிளம்பியது. பாக்கைச் செதுக்கிச் சாயம் ஏற்றியிருந்தார்கள். கையிலே ஜபமாலை, கட்கத்திலே கன்னக்கோல் என்ற பழமொழியை அன்றுதான் அப்பா எனக்குச் சொன்னார். தண்ணீரில் மூழ்கினால் அசல், மிதந்தால் போலி என்பதையும் நம்ப வேண்டாம். நன்றாகக் காய்ந்த அசல் மணி மிதக்கும், ஈயம் வைத்த போலி மூழ்கும். இரண்டு செப்புக் காசுக்கு நடுவில் வைத்தால் சுற்றும் என்பதும் அப்படித்தான், வழவழப்பான காசுக்கு நடுவில் கரடுமுரடான எதுவும் திரும்பும். முகங்களின் எண்ணிக்கையை நிச்சயமாகத் தெரிந்துகொள்ள எக்ஸ்ரே எடுத்து உள் அறைகளை எண்ணலாம். ஐந்து முக மணிக்கு அந்தச் செலவெல்லாம் எதற்கு? போலி செய்வதைவிட அசலே மலிவு.

ஸ்படிகம் என்பது படிகக்கல். கையில் எடுத்தால் குளிர்ச்சியாக இருக்கும், கண்ணாடியைவிட நேரம் கழித்துத்தான் சூடேறும். லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது உருண்டையான காற்றுக் குமிழ் தெரிந்தால் அது கண்ணாடி. ஸ்படிகம் கனம், மணி மணியோடு மோதினால் விளிம்பு உடையும், ஆகவே நடுவில் முடிச்சு அவசியம். வைணவர்கள் துளசி மணியும் தாமரை மணியும் அணிகிறார்கள். துளசி மாலை துளசிச் செடியின் தண்டைக் கடைந்து செய்வது, இறகு மாதிரி லேசு. ஹரே கிருஷ்ண மந்திரத்தை நாளைக்குப் பதினாறு மாலை சொல்கிறவர்களுக்கு அந்த லேசு முக்கியம். அந்த மந்திரத்தில் பதினாறு நாமம், ஒரு மாலைக்கு 1,728 நாமம், பதினாறு மாலைக்கு 27,648. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கை ஓயாமல் ஓடும். கனமான மாலை என்றால் தோள் இறங்கிவிடும்.

மணியின் அளவைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும், அதை யாரும் சொல்வதில்லை. 8 மில்லிமீட்டர் மணி 108 சேர்த்தால் முடிச்சு போக 86 சென்டிமீட்டர் வரும், கைக்கு வாகாக இருக்கும். நேபாளத்துப் பெரிய மணி 20 மில்லிமீட்டர் என்றால் இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும். மடியில் கிடக்கும், எண்ண முடியாது. அந்தப் பெரிய மணிகள் அணிவதற்கு. ஜபத்துக்கு இந்தோனேசியச் சிறு மணிகள் நல்லவை. கைவிரல் பருத்தவர்களுக்கு 9, 10 வரை போகலாம்.

கழுத்தில் போடலாமா என்று கேட்டீர்கள். போடும் மாலை வேறு, எண்ணும் மாலை வேறு. இதுதான் பெரியவர்கள் வைத்த முறை, நானும் அப்படியே செய்கிறேன். கழுத்தை ஒட்டி 32 மணி போடுவது சைவ வழக்கம், பழைய தமிழில் இதற்குக் கண்டிகை என்று பெயர். மதுரையில் மூர்த்தி நாயனார் ஆட்சிக்கு வந்தபோது பொன்முடியும் அணிகலனும் வேண்டாம், திருநீறும் கண்டிகையும் சடைமுடியும் போதும் என்று ஆண்ட கதை தெரிந்ததுதானே. செட்டிநாட்டில் நகரத்தார் வீட்டுப் பெரியவர்கள் அணியும் கௌரிசங்கமும் தங்கப் பதக்கத்தோடு கோத்த ருத்ராட்சம்தான். ஐயப்பனுக்குப் போடும் மாலை இன்னொரு வகை. கார்த்திகை பிறந்ததும் குருசாமி கையால் போட்டுக்கொண்டு, மலைக்குப் போய்த் திரும்பி வந்து கழற்றும் வரை விரதத்தின் அடையாளமாகக் கழுத்திலேயே இருக்கும். இவையெல்லாம் உடம்போடு இருக்க வேண்டியவை. ஜபமாலை அப்படியில்லை. அது ஜபத்துக்கு மட்டும் வெளியே வர வேண்டும், முடிந்ததும் பைக்குள் போய்விட வேண்டும். வியர்வையும் சோப்பும் படாமல் இருப்பது ஒரு நன்மை. இன்னொன்று, பையைத் திறக்கும்போதே மனம் தயாராகிவிடும். சமையலறையில் நுழைந்ததும் பசி தெரிகிற மாதிரி.

பெண்கள் செய்யலாமா? தாராளமாக. உங்கள் அப்பத்தா செய்தாரே. என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து மாலை கோத்து வாங்கியவர்களில் பாதிக்குமேல் பெண்கள். மாதத்தில் சில நாள் மாலையைத் தொடாமல் இருப்பது சில வீட்டு வழக்கம். அதைப் பின்பற்றுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். வாயால் நாமம் சொல்வதற்கு எந்த நாளிலும் தடையில்லை என்பதுதான் நான் பெரியவர்களிடம் கேட்டது, என் எண்ணமும் அதுவே. எந்த மந்திரம் என்பதில் மட்டும் ஒரு வார்த்தை. காயத்ரி, ஸ்ரீவித்யா போன்றவற்றை குருவிடம் வாங்கிக்கொண்டு சொல்வதே முறை. சைவ மடங்களில் ஐந்தெழுத்தையும் தீட்சையோடுதான் கொடுப்பார்கள். 'சிவ சிவ', 'ராம ராம', 'முருகா' என்ற நாமங்களுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அப்பத்தா எதைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்ததை மாற்றாதீர்கள். இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று மாற்றினால் பத்து இடத்தில் பத்தடி தோண்டின கிணறு மாதிரி ஆகிவிடும்.

இனி மனம் ஓடுவது. முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும் அளவில். இது வாசிகம். அது நிலைத்தபின் உதடு மட்டும் அசையும்படி சொல்லலாம், உபாம்சு என்பார்கள். மனத்துக்குள்ளேயே சொல்வது மானசம். மானசமே உயர்ந்தது என்று சாஸ்திரம் சொல்வதால் எல்லோரும் நேராக அங்கே போய் உட்கார்ந்து, ஐந்தாவது மணியிலேயே வீட்டுக் கடன் தவணையை நினைக்க ஆரம்பிக்கிறார்கள். மனம் கலங்கியிருக்கும் நாளில் நான் இன்றைக்கும் வாய்விட்டே சொல்கிறேன். சத்தம் இருந்தால் காதுக்கு வேலை, மணி இருந்தால் விரலுக்கு வேலை, இரண்டும் மனத்தை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொள்ளும். ஓடிப்போனது தெரிந்தால் மணியைப் பின்னால் தள்ளாதீர்கள், முதலிலிருந்து எண்ணவும் வேண்டாம். இருக்கிற மணியிலிருந்தே தொடருங்கள். எட்டு மணி கழிவு இருக்கிறதே.

காவ்யகண்ட கணபதி முனிவர் கோடிக்கணக்கில் மந்திர ஜபம் செய்தவர். 1907இல் திருவண்ணாமலையில் ரமணரிடம் வந்து, இத்தனை செய்தும் தபஸ் என்றால் என்னவென்று புரியவில்லையே என்று காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மந்திரத்தைச் சொல்லும்போது அதன் ஒலி எங்கிருந்து கிளம்புகிறது என்று கவனித்தால் மனம் அங்கே அடங்கும், அதுவே தபஸ் என்றார் ரமணர். சில மாலைகளுக்குப் பிறகு, சொல்வது தானாக நடக்கும்போது, இதைச் செய்து பாருங்கள். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் மிகச் சிறிய ஓர் இடைவெளி இருக்கும். அங்கே கவனம் நின்றால் போதும், வேறெதையும் வரவழைக்க வேண்டாம். எனக்கு அது தினமும் கிடைப்பதில்லை. கிடைத்த நாளில் மாலை முடிந்தபின்னும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கத் தோன்றாது.

ஆரம்பத்தில் நாளைக்கு ஒரே ஒரு மாலை. 'சிவ சிவ' போன்ற சிறிய நாமம் என்றால் மூன்று நான்கு நிமிடம்தான். அதே இடம், அதே நேரம். ஒரு மண்டலம், அதாவது 41 நாள், தவறாமல் போகட்டும். அதற்கப்புறம் கூட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

சரி, மாலையைக் கோப்போம். முதலில் மறுபடி எண்ணுங்கள், அந்த 106இல் மேருவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் உங்களுக்கு மூன்று மணி வேண்டும், இல்லையென்றால் இரண்டு. ஒரு மணியைக் கையோடு எடுத்துப்போய் அதே அளவில் ஐந்து முகம் வாங்குங்கள். பழைய மணிகளை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் கோடுகளுக்குள் படிந்த அழுக்கைத் தேய்த்து, நிழலில் இரண்டு நாள் காயவையுங்கள். சோப்பு வேண்டாம், வெயில் வேண்டாம், வெடித்துவிடும். பிறகு உள்ளங்கையில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு மணிகளை உருட்டி, துணியால் துடைத்துவிடுங்கள். பால் அபிஷேகம் செய்ய ஆசைப்பட்டால் செய்யலாம், ஆனால் உடனே நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும். துளைக்குள் பால் தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

நூல் பருத்தியோ பட்டோ இருக்கட்டும், மூன்று புரியாக முறுக்கி மெழுகு தடவியது. மாலையின் நீளத்தைப் போல மூன்று மடங்கு எடுங்கள், முடிச்சு நிறையத் தின்னும். மணியின் காம்புப் பக்கமும் அடிப் பக்கமும் வேறு வேறாக இருக்கும். காம்பு காம்போடும் அடி அடியோடும் ஒட்டுகிற மாதிரி மாற்றி மாற்றிக் கோக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்குப் பிறகும் ஒரு முடிச்சு. அந்த முடிச்சை மணிக்கு நெருக்கமாகக் கொண்டுவர ஒரு வழி உண்டு. முடிச்சைத் தளர்வாகப் போட்டு, அதன் நடுவில் ஊசியைச் செருகி, ஊசியால் முடிச்சை மணி வரை தள்ளிக்கொண்டு போய், ஊசியை உருவும்போதே நூலை இழுங்கள். கச்சிதமாக உட்காரும். மணிக்கும் முடிச்சுக்கும் நடுவில் ஒரு நூல் அளவு இளக்கம் விடுங்கள், இல்லாவிட்டால் மாலை கயிறு மாதிரி விறைத்துப்போகும். கடைசியில் இரு முனையையும் சேர்த்து மேருவுக்குள் விட்டு முடிந்துவிடுங்கள். என்றைக்காவது நூல் மறுபடி அறுந்தால் அபசகுனம் என்று பயப்படாதீர்கள். நிறைய உரு ஏறிய மாலைதான் அறுகிறது.

புது மணிகளை மேருவுக்கு இருபுறமும் வையுங்கள். அப்பத்தா விரல் பட்ட மணிகள் கருத்து வழவழவென்று இருக்கும், புதியவை வெளிறித் தெரியும். ஒவ்வொரு நாளும் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அவற்றில்தான் உங்கள் விரல் படும். நாலைந்து வருடம் விடாமல் உருட்டினால் அவையும் மற்றவற்றின் நிறத்துக்கு வந்துவிடும்.